வள்ளக்காரங்க குழு: எக்கோ சவுண்டர் (சத்தம் அனுப்பி ஆழம் பாக்குற மிஷின்) பேச்சு

*சேவியர்:* அண்ணே, பார் (கடலடிப் பாறை) ஓரத்துல எக்கோ சவுண்டர் 16 பாகம் (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்) காட்டுது. கயித்துல கட்டி விட்ட ஈயக்குண்டு 20 இறங்குது. மிஷின் பழுதா?

*ராஜன் அண்ணன்:* சேத்துல பாத்தியா?

*சேவியர்:* சேத்துல கயிறும் மிஷினும் ஒண்ணுதான்.

*ராஜன் அண்ணன்:* அப்ப மிஷின் நல்லாருக்கு. எந்த அலைவரிசை? 50ஆ 200ஆ?

*சேவியர்:* 50 கிலோஹெர்ட்ஸ்

*ராஜன் அண்ணன்:* அதான். 50ல சத்தம் கூம்பா விரியும். 40 டிகிரி விரிவுன்னா 20 பாகத்துல, அதாவது 36 மீட்டர்ல, அடியில 26 மீட்டர் அகல வட்டம். அதுக்குள்ள எது கிட்ட இருக்கோ அதோட எதிரொலிதான் முதல்ல வரும். மிஷின் அதைத்தான் ஆழம்னு எழுதும். பக்கத்துல நிக்கிற பார் முதல்ல பதில் சொல்லிடுது. 200க்கு மாத்து, 12 டிகிரின்னா வட்டம் 8 மீட்டருக்குள்ள அடங்கிடும்.

*மைக்கேல் மாமா:* குண்டையும் முழுசா நம்பாத மாப்ள. நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்தா கயிறு சரிஞ்சு கூடக் காட்டும்.

*சேவியர்:* சரி மாமா. சில நேரம் 40 பாகத்துல இன்னொரு தரை தெரியுதே?

*ராஜன் அண்ணன்:* தரையில பட்டு, மேல வந்து, கடல்மட்டத்துல முட்டி, திரும்பக் கீழ போய் வந்த சத்தம். சரியா ரெண்டு மடங்குல நிக்கும். பார்னா அழுத்தமா, சேறுன்னா மங்கலா வரும். அடியில பாரா சேறான்னு தெரியுறதால தூண்டில்காரங்களுக்கு அது லாபம். கெயினை (மிஷினோட உணர்திறனை) குறைச்சா மறையும்.

*சேவியர்:* வேகமா ஓட்டுனா நம்பரே போயிடுது

*மைக்கேல் மாமா:* டிரான்ஸ்டியூசர் (சத்தம் அனுப்பி வாங்குற கருவி) அடியில நுரை ஓடுது. காத்துக் குமிழியை சத்தம் தாண்டாது. புரொப்பல்லர்ல இருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, வள்ளத்து அடியை விட நூல் அளவு கீழ இருக்கணும். உள்பக்கம் ஒட்டுறதா இருந்தா வெறும் ஃபைபர்ல மட்டும். நடுவுல பலகையோ ஃபோமோ இருந்தா சத்தம் செத்துடும். ஒட்டுற எபாக்சி பசையில ஒரு குமிழியும் நிக்கக்கூடாது.

*ராஜன் அண்ணன்:* ஒயர் நீளமா இருக்குன்னு வெட்டிடாத. சுருட்டிக் கட்டு. எஞ்சின் ஒயரோட சேத்துக் கட்டுனா திரை பூரா புள்ளி விழும்.

*சேவியர்:* கணக்கு எப்படிண்ணே போடுது?

*ராஜன் அண்ணன்:* போய்வர நேரம் × வினாடிக்கு 1500 மீட்டர், அதுல பாதி. நம்ம சூட்டுக் கடல்ல சத்தம் 1540 கிட்ட ஓடும். அதனால 20 பாகத்துக்கு அரை பாகம் குறைச்சுக் காட்டும். மீன்பிடிக்கு அது பொருட்டில்ல.

*சேவியர்:* நாளைக்கு 200 வெச்சுப் பாக்குறேன் 👍

*மைக்கேல் மாமா:* போறதுக்கு முன்ன டிரான்ஸ்டியூசர்ல சிப்பி இருந்தா நைசா சுரண்டு. உளி வைக்காத.