கொச்சி யூதர்களின் பழைய குடும்பப் படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்தில் கொச்சி யூதர்களின் வாழ்க்கையைப் பற்றி ஒரு சிறிய புகைப்படக் கண்காட்சி வைக்கப்போகிறோம். அதற்குப் படங்கள் தேடுகிறேன்.

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தின் படங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. நீலமும் வெள்ளையுமான சீனத் தரை ஓடுகள், தொங்கும் கண்ணாடி விளக்குகள், மணிக்கூண்டு எல்லாம் இருக்கின்றன. ஆட்கள்தான் இல்லை! எனக்கு வேண்டியது வீடும் மனிதர்களும்: முண்டு கட்டிய பாட்டிகள், கல்யாண வீடு, சிம்ஹத் தோரா பண்டிகைக்குக் கூடிய கூட்டம். அதிலும் வடக்கு பறவூர், சேந்தமங்கலம், மாளா ஊர்க் குடும்பங்களின் படங்கள் கண்ணில் படுவதே அரிது. 1950களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆல்பங்களும் கூடவே போயிருக்கும்.

அங்கே நெவாதிம் கிராமத்தில் கொச்சி யூதர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து படங்களின் நகல் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். எர்ணாகுளம் பக்கம் பழைய ஸ்டுடியோ வைத்திருந்தவர்களைத் தெரிந்தாலும் சரி.

படம் அனுப்பும்போது ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல் எதையும் மாட்ட மாட்டோம்.