மஞ்ச காமாலைக்கு கீழாநெல்லி மட்டும் போதுமா? வேலூர்க்காரங்க சொல்லுங்க

குடியாத்தம் தறி:
எங்க அக்கா பையன், காலேஜ் படிக்கிறான், மஞ்ச காமாலை வந்து ஒரு வாரம் ஆவுது, கண்ணு நல்லா மஞ்சளா கீது, சோத்த பாத்தாலே ஓங்கரிக்கிறான். பிலிருபின், அதான் ரத்தத்துல மஞ்சளோட அளவு, 9ன்னு ரிப்போர்ட் வந்துது. வீட்ல பெரியவங்க பக்கத்து ஊர்ல மருந்து குடுக்குறவர்கிட்ட கூட்டினு போனாங்க, அவரு கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடுத்து, உப்பு புளி ஆகாதுன்னு பத்தியம் சொல்லி அனுப்பிட்டாரு. ஆஸ்பத்திரி போலாம்னு நான் சொன்னா எல்லாரும் என்னத்தான் திட்றாங்க. இன்னா பண்றது?

மூலிகைத் தோட்டம்:
பயப்படாத தம்பி. கீழாநெல்லிய ஏதோ பாட்டி வைத்தியம்னு ஒதுக்கறவங்களுக்கு சொல்றேன், 1988ல லான்செட்ன்ற மருத்துவ பத்திரிகைல வந்த ஆராய்ச்சி, நடந்தது நம்ம மெட்ராஸ்ல. ஈரல கெடுக்கற ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புல தங்கிப்போனவங்களுக்கு 30 நாள் கீழாநெல்லி குடுத்தாங்க, 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல அந்த கிருமியோட அடையாளமே காணாம போச்சு, டம்மி மருந்து சாப்ட்ட 23 பேர்ல ஒரே ஒருத்தருக்குத்தான் போச்சு. அந்த கட்டுரைல கூட பேர் போட்டவரு பிளம்பர்க், பி கிருமிய கண்டுபிடிச்சு 1976ல நோபல் வாங்கினவரு. அவரே மதிச்ச செடிய நாம மதிக்க வேணாமா?

காட்பாடி லேப்:
அண்ணா, 88 கட்டுரை நெஜம், நானும் படிச்சிருக்கேன். ஆனா கதை அங்க முடியலயே. அதுக்கப்புறம் தாய்லாந்துல குடுத்துப் பாத்தாங்க, நியூசிலாந்துல பாத்தாங்க, அந்த பலன் திரும்ப வரவே இல்ல. 2011ல மருத்துவ ஆராய்ச்சிங்கள அலசிப் பாக்கற காக்ரேன் குழு கெடைச்ச ஆராய்ச்சி எல்லாத்தையும் சேத்து வெச்சு பாத்துட்டு, நம்புற மாதிரி ஆதாரம் இல்லன்னு எழுதிட்டாங்க. அதுவும் வருஷக்கணக்கா தங்குற பி கிருமிக்கு. இந்த பையனுக்கு திடீர்னு வந்திருக்கு, அனேகமா ஏ இல்லன்னா இ வகையா இருக்கும், கெட்ட தண்ணி, சாப்பாட்டுல வர்றது. பெரும்பாலானவங்களுக்கு அது சில வாரத்துல தானா எறங்கிடும், அதனாலதான் எத குடிச்சாலும் கேட்ட மாதிரியே தெரியுது.

தறி தம்பி, நீங்க பிலிருபின் மட்டும்தான் சொல்றீங்க. ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்ளோ லேட்டாகுதுன்னு பாக்கற டெஸ்ட், எடுத்தாங்களா? நீல மூடி போட்ட டியூப்ல ரத்தம் எடுப்போமே, அதான். ரத்தம் உறையறதுக்கான புரதத்த செய்யறதே ஈரல்தான், ஈரல் படுத்துச்சுன்னா ரத்தம் உறைய லேட்டாகும். சாதாரணமா 1 பக்கம் இருக்கும். 1.5க்கு மேல போயி, பையனும் ராத்திரி முழுக்க முழிச்சு பகல்ல தூங்கறான், ஒளர்றான்னா அது வெறும் காமாலை இல்ல, ஈரல் செயலிழக்குது, அன்னிக்கே மாற்று ஈரல் வெக்கிற வசதி உள்ள எடத்துக்கு போயாகணும். நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி டாக்டருங்க கெட்டுப்போன ஈரலுக்கு பிளாஸ்மா (ரத்தத்தோட நீர்ப்பகுதி) மாத்தற சிகிச்சைல நெறைய ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க, எலி மருந்தால ஈரல் போனவங்களுக்கு கூட. ஆனா ஆளு நேரத்தோட வந்தாத்தானே பண்ண முடியும்.

மூலிகைத் தோட்டம்:
சரிம்மா, ஆஸ்பத்திரில இந்த காமாலைக்கு இன்னா மருந்து குடுக்கறாங்க? ஒன்னுமில்ல. குளுக்கோஸ் ஏத்தி ரெஸ்ட் எடுன்னு அனுப்பறாங்க, பில்லு மட்டும் ஆயிரக்கணக்குல. டிபி மாத்திரையும் ஈரல கெடுக்குது, பாராசிட்டமால் அளவு மீறினா அதுவும் கெடுக்குது. செடிய மட்டும் ஏன் குத்தம் சொல்றீங்க?

ஆற்காடு செல்வி:
என் வீட்டுக்காரருக்கு என் ஈரல்ல பாதிக்கு மேல அறுத்து குடுத்தவ நான், அதனால கொஞ்சம் கோவமாத்தான் பேசுவேன். அவருக்கு காமாலை வந்தப்போ இப்படித்தான் ஒருத்தர் மருந்து குடுத்து, கண்ணு வெளுத்துடுச்சு, போயிடுச்சு போன்னு அனுப்பினாரு. உள்ள பி கிருமி இருந்தது யாருக்கும் தெரியாது, ரத்தத்துல யாரும் பாக்கவே இல்ல. வருஷம் கழிச்சு வயிறு தண்ணியில உப்பி, கால் வீங்கி, ரத்தமா வாந்தி எடுத்தப்போதான் ஈரல் சுருங்கிப்போச்சுன்னு சொன்னாங்க. தெனம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை போட்டிருந்தா கிருமி அடங்கியிருக்கும், 2018ல ஆரம்பிச்ச அரசாங்க திட்டத்துல சும்மாவே குடுக்கறாங்க. குடுத்தவங்க ஈரல் சில மாசத்துல வளந்துடும்னு சொல்றாங்க, வளந்துச்சு, உண்மைதான். ஆனா ஆபரேஷனுக்கு போற அன்னிக்கு ரெண்டு புள்ளைங்கள மாமியார்கிட்ட விட்டுட்டு போனேன் பாருங்க, அந்த தவிப்பு யாருக்கும் வரக்கூடாது.

மூலிகைத் தோட்டம்:
உங்க கஷ்டம் புரியுது செல்விம்மா. டெஸ்ட் எடுக்க வேணாம்னு நான் சொல்லவே இல்ல. எடுங்க. கூடவே கீழாநெல்லியும் குடிக்கட்டும்னுதான் சொல்றேன்.

காட்பாடி லேப்:
கூடவேன்னு சொல்றப்பதான் பயமா இருக்கு. கொரோனா சமயத்துல சீந்தில் கஷாயம் குடிச்சு ஈரல் வீங்கி வந்த 6 பேர பத்தி 2021ல மும்பை டாக்டருங்க எழுதினாங்க. ஏற்கனவே புண்ணான ஈரலுக்கு, உள்ள இன்னா இருக்குன்னு தெரியாத அரைப்ப ஏன் குடுக்கணும்?

இன்னொன்னு. பொறந்த கொழந்தைக்கு ரெண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நிக்குது, மலம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா போகுதுன்னா ஒரு நாள் கூட நாட்டு மருந்து பாக்காதீங்க. பித்தக்குழாய் அடைஞ்சிருக்கலாம், கசாய்னு ஒரு ஆபரேஷன், 60 நாளைக்குள்ள பண்ணாத்தான் நல்ல பலன். 1998ல டெல்லில இந்தியாவோட முதல் வெற்றிகரமான ஈரல் மாற்று நடந்ததே இந்த நோய் வந்த காஞ்சிபுரத்து கொழந்தைக்குத்தான், ஒன்றரை வயசு தாண்டின புள்ள, ஈரல் குடுத்தது அப்பா. அந்த புள்ள வளந்து இன்னிக்கு டாக்டர்.

குடியாத்தம் தறி:
அக்கா, உப்ப நிறுத்தணுமா? பையன் கஞ்சி கூட எறங்கலன்றான்.

காட்பாடி லேப்:
வயித்துல தண்ணி கோத்தவங்களுக்குத்தான் உப்ப கொறைக்க சொல்லுவாங்க. இவனுக்கு எதுக்கு? உப்பு போட்டு கஞ்சி, இட்லி, பழம், எது எறங்குதோ குடுங்க. பட்டினி போடாதீங்க.

குடியாத்தம் தறி:
காலைல கூட்டினு போய்ட்டு வந்தேன். ஐஎன்ஆர் 1.3, ஹெபடைட்டிஸ் ஏ பாசிட்டிவ். வீட்லயே பாத்துக்கலாம்னாங்க.

மூலிகைத் தோட்டம்:
பாத்தியா தம்பி, ஒரு வாரம் குடிச்சது வீண் போகல.

காட்பாடி லேப்:
அண்ணா, குடிக்காத புள்ளைங்களுக்கும் ஏ இப்படித்தான் எறங்கும். தறி தம்பி, ரெண்டு நாள் கழிச்சு ஐஎன்ஆர் திரும்ப எடுங்க, நடுவுல தூக்கம் மாறுனா அதுக்கும் காத்திருக்க வேணாம், உடனே கூட்டினு போங்க. வீட்ல மத்தவங்களுக்கு காய்ச்சின தண்ணி, அவனுக்கு தட்டு டம்ளர் தனியா.