மறு: ரீமேட்ரியேஷன் – தமிழில் என்ன? (வியாழன் இரவுக்குள் வேண்டும்)

கயல், ஃப்ரீமாண்ட்:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். அவசரமாக ஒரு சொல் தேவை.

கலிஃபோர்னியாவில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநில வரலாறு பாடம். ஸ்பானியர் கட்டிய மிஷன்களும், அதாவது கத்தோலிக்கப் பாதிரிமார் நடத்திய குடியிருப்புகளும், அதில் வரும். 1797இல் தொடங்கிய மிஷன் சான் ஹோசே எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே வேலை வாங்கப்பட்டவர்கள் இந்த மண்ணின் ஒலோனி மக்கள். எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் இதைப் பற்றிப் பிள்ளைகளே எழுதி ஒரு சிறுமலர் வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அதில் ஒரு பக்கம் ஓக்லாந்தின் சோகோரியா டே நில அறக்கட்டளை பற்றியது. 2012இல் பழங்குடிப் பெண்கள் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டு வயேஹோவில் முன்னோர் புதைந்த கரையைக் காக்க 109 நாள் அங்கேயே தங்கிப் போராடினார்கள். அந்த இடத்தின் பழைய பெயர்தான் அறக்கட்டளைக்கும். ஓக்லாந்துப் பகுதியின் லிஷான் ஒலோனி மக்களுக்கு ஒன்றிய அரசின் அங்கீகாரம் இல்லை, ஒதுக்கீட்டு நிலமும் இல்லை. அதனால் அறக்கட்டளை வைத்து நிலத்தைத் திரும்ப வாங்குகிறார்கள், கேட்டும் பெறுகிறார்கள். செய்வதை அவர்கள் 'ரீமேட்ரியேஷன்' என்கிறார்கள். முன்னோர் எலும்புகளை அருங்காட்சியகங்கள் திருப்பித் தரவேண்டும் என்ற 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் 'ரீபேட்ரியேஷன்' இருக்கிறது. அதில் ஒளிந்திருப்பவர் அப்பா (லத்தீனில் 'பேட்டர்'). இவர்கள் அப்பாவை எடுத்துவிட்டு அம்மாவை ('மேட்டர்') வைத்தார்கள்.

தமிழில் மாட்டிக்கொண்டேன். ரீபேட்ரியேஷனை நாம் 'தாயகம் திரும்புதல்' என்றுதானே சொல்கிறோம்? அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். இப்போது எதை மாற்றுவது?

—

புலவர், தஞ்சை:

அன்பு மகள் கயலுக்கு. கவலை வேண்டா. வெள்ளையன் இன்று கண்டுபிடித்ததைத் தமிழன் என்றோ சொல்லிவிட்டான். 'தாயமீட்பு' என்க. தாயம் என்றால் வழிவழி வரும் உரிமை. தாய் என்ற சொல்லும் அதனுள்ளேயே நிற்கிறது. கரிகாலனைப் பொருநராற்றுப்படை 'தாய்வயிற்று இருந்து தாயம் எய்தி' என்கிறது. தாயும் தாயமும் ஒரே அடியில்! இதைவிடச் சான்று வேண்டுமோ? 'தா' என்னும் வேரடியாகப் பிறந்தவை இரண்டும். தருபவள் தாய், தரப்பட்டது தாயம். தாவு, தானம், தாரம், தாளாண்மை வரை இந்த வேரைத் தொடரலாம். நேரமிருப்பின் தனி மடலில் விரிப்பேன்.

—

வக்கீல், மதுரை:

ஐயா மன்னிக்கணும். தாளாண்மைக்கு 'தாள்' அல்லவா வேர்? சரி, அது கிடக்கட்டும்.

தாயம் வடமொழி 'தாய' என்பதுதான் அகராதி சொல்வது. தாயபாகம் என்று வங்காளத்துச் சொத்துச் சட்டமே உண்டு. வேர் யாருடையதாகவும் இருக்கட்டும், வழக்கைப் பாருங்கள். தாயாதி யார்? அப்பன் வழிப் பங்காளி. என் நாற்பது வருட வக்கீல் தொழிலில் பாதிச் சோறு போட்டவை தாயாதிச் சண்டைகள். அம்மாவும் பெண்மக்களும் வெளியே நிற்க, ஆண்மக்கள் பங்கு பிரித்த சொத்துக்குப் பெயர்தான் தாயம். ஐயா காட்டிய அடியிலும் கரிகாலன் தாயின் வயிற்றில் இருந்தபடியே அடைந்தது அப்பன் அரியணையை. பெண்கள் அப்பனை வெளியேற்றச் செய்த சொல்லுக்கு இதைப் போட்டால் அப்பன் கொல்லைப்புற வழியாக வந்துவிடுவார்.

கயலம்மாவிடம் ஒரு கேள்வி: நிலம் எந்த வகையில் கைமாறியது? கிரயமா, தானமா, குத்தகையா? அது தெரியாமல் பெயர் வைக்க முடியாது.

—

கயல், ஃப்ரீமாண்ட்:

வக்கீல் சார், நல்ல கேள்வி. இரண்டு வகை இருக்கிறது.

ஓக்லாந்து நகரம் 2022இல் வாக்கின் மில்லர் பூங்காவில் ஏறக்குறைய 5 ஏக்கர் கொடுத்தது. ஆனால் பட்டா நகரத்தின் பேரில்தான். சடங்கு செய்யவும், செடிகொடிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும், பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவும் நிரந்தர உரிமை மட்டும் அறக்கட்டளைக்கு.

பெர்க்லியில் வேறு கதை. சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றி 1909இல் நெல்சன் என்ற ஆய்வாளர் போட்ட வரைபடத்தில் 425 சிப்பிமேடுகள் இருந்தன. பல தலைமுறையாகத் தின்ற சிப்பியின் ஓடும் மண்ணும் சேர்ந்து உயர்ந்த மேடுகள், முன்னோரைப் புதைத்ததும் அவற்றில்தான். எமரிவில்லில் இருந்ததன் மேல் இன்று ஒரு வணிக வளாகம். முன்னால் போகும் சாலைக்கு மட்டும் சிப்பிமேட்டுச் சாலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! மேற்கு பெர்க்லி மேடு 5,000 ஆண்டுக்கு மேல் பழையது, அதன் மேல் ஓர் உணவகத்தின் வண்டி நிறுத்துமிடம் இருந்தது. பல ஆண்டு வழக்குக்குப் பிறகு 2024இல் அந்த 2.2 ஏக்கருக்கு 2.7 கோடி டாலர் விலை பேசினார்கள். நகரம் தந்தது 15 லட்சம், மீதி 2.55 கோடி அறக்கட்டளை திரட்டியது. இதில் நிலமே அறக்கட்டளைக்கு.

தாயம் வேண்டாம் ஐயா. எங்கள் பிள்ளைகளுக்குத் தாயம் என்றால் பாட்டி சொல்லிக்கொடுத்த கட்டை உருட்டும் ஆட்டம்தான்.

—

வக்கீல், மதுரை:

அப்படியானால் பெர்க்லியில் நடந்தது சுத்தக் கிரயம். தன் பாட்டியின் கல்லறையை வண்டி நிறுத்தியவனிடம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். ஓக்லாந்தில் நடந்தது பாத்தியம், அதாவது அனுபவ உரிமை மட்டும். நம் பத்திரங்களில் 'மாமூல் வண்டித்தட பாத்தியம் உட்பட' என்று எழுதுவோமே, அதன் அண்ணன். சட்டத் தமிழில் வசதியுரிமை என்று போட்டிருக்கிறார்கள். சடங்குக்கு வசதி என்றால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. பாத்தியமே தேவலை.

—

ரொறன்ரோவில் இருந்து சிவம்:

வணக்கம் கயல் தங்கச்சி. தாய்மண் மீட்பு என்று போட்டால் எல்லாருக்கும் விளங்கும். ஏன் இவ்வளவு பாடு?

அவையள் அங்க குடியிருக்கிற மற்ற ஆக்களிட்டை 'ஷூமி நில வரி' என்று வருசா வருசம் வாங்குகினம் என்று வாசித்தேன். அதுக்கு என்ன போட்டனீங்கள்?

—

கயல், ஃப்ரீமாண்ட்:

சிவம் அண்ணா, ஷூமி என்றால் இங்கத்து ஒலோனியரின் சோச்செண்யோ மொழியில் அன்பளிப்பு. இங்கே குடியிருக்கும் பழங்குடியல்லாதவர்கள் விரும்பிக் கொடுப்பது. எத்தனை படுக்கையறை, சொந்த வீடா வாடகையா என்று பார்த்துத் தொகை சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் கட்டுகிறோம். சரளமாகச் சோச்செண்யோ பேசிய கடைசித் தலைமுறை 1930களில் போய்ச் சேர்ந்தது. அவர்களிடம் ஹாரிங்டன் என்ற மொழியியலாளர் கேட்டு எழுதிய குறிப்பேடுகளிலிருந்துதான் இன்றைய தலைமுறை பேசக் கற்கிறது. அதனால் ஷூமியை அப்படியே விடுகிறேன். அந்தச் சொல் காகிதத்திலிருந்து எழுந்து வந்திருக்கிறது, அதன்மேல் தமிழை ஒட்ட மனமில்லை. 'நில வரி'தான் இடிக்கிறது. வரி என்றதும் அப்பாக்களுக்கு இங்கே வருமான வரிக் கணக்குக் கொடுக்கும் ஏப்ரல் மாதம் ஞாபகம் வருகிறது.

—

வக்கீல், மதுரை:

அரசாங்கம் போடுவது மட்டும்தான் வரியா? எங்கள் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறார்கள். எந்தச் சட்டம் சொல்கிறது? கொடுக்காவிட்டால் ஜப்தியும் இல்லை. ஊரில் தலைகாட்ட முடியாது, அவ்வளவுதான். ஷூமி அதே ரகம். வரியை மாற்றாதீர்கள்.

—

புலவர், தஞ்சை:

அருமை. இதோடு ஒன்று சேர்க்க விழைகிறேன். சோழர் கல்வெட்டில் 'புரவுவரித் திணைக்களம்' என வரும். நிலவருவாயைக் கவனித்த அலுவலகம். புரவு என்றால் வரி விளையும் நிலம், காத்தல் என்ற பொருளும் உண்டு. புரப்பவன் புரவலன். ஆக நிலம், காப்பு, இறை மூன்றும் ஒரே சொல்லில் நிற்கின்றன. இந்த அம்மையார்கள் செய்வதும் இம்மூன்றும்தானே? 'புரவு' என்றே வைக்கலாமே.

—

ரொறன்ரோவில் இருந்து சிவம்:

திணைக்களம் எங்கட சொல் ஐயா! இலங்கையில இன்றைக்கும் கல்வித் திணைக்களம், வனத் திணைக்களம். நீங்கள் 'துறை' என்று மாத்திப்போட்டு, இப்ப கல்வெட்டில கண்டு சந்தோசப்படுறீங்கள்.

—

மட்டுறுத்துநர்:

திணைக்களமா துறையா என்ற சண்டைக்கு 2009 முதல் தனி இழை உண்டு. அங்கே போகவும். இங்கே ரீமேட்ரியேஷன் மட்டும். இன்று செவ்வாய்.

—

தேயிலை, கூடலூர்:

வழக்கமாக வாசித்துவிட்டுப் போகிறவன் நான். இன்று எழுதவேண்டியிருக்கிறது.

கயல் அக்கா முதல் மடலில் போகிறபோக்கில் 'தாயகம் திரும்புதல்' என்று எழுதினார். என் தாத்தாவின் அட்டையில் இருந்த வார்த்தை அது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தானது. யாரை எங்கே அனுப்புவது என்று பேசியவர்கள், போகிறவர்களிடம் கேட்கவில்லை. தாத்தா கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், இந்தியாவைப் பார்த்ததே இல்லை. கப்பலில் வந்து இறங்கியதும் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதினார்கள். ஊர்க்காரர்கள் சிலோன்காரன் என்றார்கள். தாயகம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொல்வோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு இங்கே தேயிலை போட ஆரம்பித்தது. காட்டை வெட்டித்தான் போட்டார்கள். அந்தக் காடு பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய இடம். ஒருவரைத் தாயகத்துக்குத் திருப்பினோம் என்று சொல்லி இன்னொருவரின் தாய்நிலத்தில் இறக்கினார்கள். இரண்டு பேரிடமும் கேட்கவில்லை.

அதனால் ஒலோனிப் பெண்கள் செய்வதற்கு இந்தச் சொல்லின் சொந்தக்காரச் சொல் எதுவும் வேண்டாம். அவர்கள் எங்கேயும் திரும்பிப் போகவில்லை. அங்கேயேதான் இருந்திருக்கிறார்கள், ஊர்தான் அவர்கள் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'மீட்பு' பற்றியும் ஒரு சந்தேகம். எங்கள் தோட்டத்துக் கோவிலில் ஃபாதர் தினமும் சொல்லும் சொல் அது. மிஷன் பாதிரிமாரும் அந்த மக்களுக்கு மீட்பு தருவதாகத்தானே சொல்லி வந்திருப்பார்கள்? மிஷன் பாடத்துக்குப் பக்கத்திலேயே அந்தச் சொல்லை வைப்பதா?

—

வக்கீல், மதுரை:

தம்பி சொன்னதை இரண்டு தடவை வாசித்தேன். மீட்பில் எனக்கும் ஒரு நெருடல் இருந்தது, வேறு காரணத்தால். நாம் மீட்பது அடகு வைத்ததை. அவர்கள் அடகு வைக்கவில்லை. 1851–52இல் கலிஃபோர்னியப் பழங்குடிகளோடு செய்த 18 உடன்படிக்கைகளை அமெரிக்க மேலவை நிராகரித்து, 1905 வரை வெளியே தெரியாமல் பூட்டி வைத்தது. எழுதிக்கொடுத்த பத்திரத்தை ஒளித்துவைத்த கதை. எங்கள் பாஷையில் மோசடி.

—

புலவர், தஞ்சை:

தம்பியின் மடல் நெஞ்சைத் தொட்டது. தாயகத்தையும் தாயத்தையும் விடுகிறேன். ஆயினும் தாயை விடுவதற்கில்லை. அந்தப் பெண்கள் வேண்டுமென்றே வைத்த சொல் அது. 'தாய்மடி சேர்ப்பு'?

—

ரொறன்ரோவில் இருந்து சிவம்:

மடி என்றால் சோம்பல். வள்ளுவர் ஒரு அதிகாரமே எழுதி இருக்கிறார். நான் தாய்மண் மீட்பிலேயே நிற்கிறன். தம்பியின்ர வலி விளங்குது. எங்களுக்கும் தாயகம் என்ற சொல் இருக்கு, அதுக்காகச் செத்த ஆக்களும் இருக்கினம். ஒருத்தருக்குச் சுடுகிற சொல் இன்னொருத்தருக்கு விளக்கு. எல்லாருக்கும் சுடாத சொல் வேணும் என்றால் ஊமையாகத்தான் இருக்கவேணும்.

—

மட்டுறுத்துநர்:

புதன் இரவு. கைதூக்குங்கள்: தாய்மண் மீட்பு – 6. தாய்மடி சேர்ப்பு – 2 (இரண்டாவது வாக்கும் புலவர் ஐயாவின் இன்னொரு முகவரியிலிருந்து வந்தது போலிருக்கிறது). புரவு – 1. ரீமேட்ரியேஷன் என்றே விடலாம் – 3. குழுவின் சொல்லாகத் 'தாய்மண் மீட்பு' பதிவாகிறது. தேயிலையின் மறுப்பும் அதனடியில் பதிவாகும்.

—

கயல், ஃப்ரீமாண்ட்:

எல்லாருக்கும் நன்றி. பெரும்பான்மைக்கு மரியாதை, ஆனாலும் கூடலூர்த் தம்பியின் மடலுக்குப் பிறகு 'மீட்பு' என்று அடிக்கக் கை வரவில்லை. 'ரீமேட்ரியேஷன், அதாவது நிலத்தைத் தாய்மார் பொறுப்பில் திரும்ப ஒப்படைப்பது' என்று முதல் தடவை முழுசாக எழுதிவிட்டு, அடுத்த இடங்களில் 'தாய்மார் ஒப்படைப்பு' என்று போட்டிருக்கிறேன். ஓக்லாந்தின் பாத்தியத்துக்கும் பெர்க்லியின் கிரயத்துக்கும் இது பொருந்துகிறது. அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.

—

புலவர், தஞ்சை:

மகளே, அது தொடர், கலைச்சொல் ஆகாது. மேலும் தாய்மாரை ஒப்படைக்கிறார்களா, தாய்மாருக்கு ஒப்படைக்கிறார்களா? வேற்றுமை உருபு தொக்கி நின்று பொருளைக் கெடுக்கிறது. அடுத்த பதிப்பிலாவது திருத்துக.

—

தேயிலை, கூடலூர்:

அக்கா, முடிந்தால் மலரில் ஒரு படி அனுப்புங்கள். இங்கே எங்கள் பள்ளியில் பணியர் பிள்ளைகள் நாலு பேர் படிக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்து, வீட்டில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்கிறேன்.