முன்பக்க புல்தரையை எடுத்துட்டு தண்ணி கம்மியா கேக்குற தோட்டம், நடுவுல ஒரு மரம்: சரக்கொன்றையா மகிழமா?

மேடவாக்கம்_வீடு:
வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். வீட்டு முன்னாடி 600 சதுர அடில கொரியன் புல் இருக்கு. சித்திரை வந்தா போர்ல தண்ணி கீழ போயிடுது, லாரி தண்ணி வாங்கி புல்லுக்கு ஊத்த மனசே வரல, அதான் மொத்தமா எடுத்துட்டு வறட்சி தாங்குற செடிங்களும் நடுவுல கண்ணுல படுற மாதிரி ஒரு மரமும் வைக்கலாம்னு இருக்கோம். எனக்கு சரக்கொன்றை ஆசை, அம்மாவுக்கு மகிழம். வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல 20 அடி. களிமண், பெரிய மழைன்னா ரெண்டு நாள் தண்ணி நிக்கும். கான்ட்ராக்டர் வெள்ளை கூழாங்கல் கொட்டி முடிச்சிடலாம்ங்கறார். சொல்லுங்க.

செடிப்பித்தன்_கோவை:
கூழாங்கல் மட்டும் வேண்டாங்க!! மே மாசம் வெறுங்கால் வைக்க முடியாது, அந்த சூடு அப்படியே சன்னல் வழியா ஹாலுக்குள்ள வரும். புல்லை எடுக்கறது ரொம்ப நல்ல முடிவு. ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் தண்ணின்னா 1 லிட்டர், உங்க இடம் சுமார் 56 சதுர மீட்டர், வெயில் காலத்துல தினம் 5 மில்லிமீட்டர்னு வச்சா 280 லிட்டர், மாசத்துக்கு 8,400. ஒரு 12,000 லிட்டர் லாரில முக்கால்வாசி புல்லுக்கே போகுது. கல்லுக்குப் பதிலா காஞ்ச இலை, தேங்கா மட்டைய மூணு நாலு இன்ச் மூடாக்கா போடுங்க, ஆனா மரத்தோட தண்டை ஒட்டாம.

நர்சரிக்காரன்:
சார், சரக்கொன்றை வறட்சி நல்லா தாங்கும், ஆனா தண்ணி நின்னா வேர் அழுகிடும். அதுதான் வேணும்னா ஒன்றரை அடி மேடு கட்டி அது மேல வைங்க. பூக்கறதுக்கு முன்னாடி இலை கொட்டி மொட்டையா நிக்கும், சித்திரைல மஞ்சளா தொங்கும் பாருங்க, அதுக்கே வைக்கலாம். துளிர்ல பச்சைப் புழு வரும், மருந்து அடிக்காதீங்க, வெளிர் மஞ்சள் பட்டாம்பூச்சியோட புழு அது, தின்னாலும் திரும்ப துளிர்க்கும். மகிழம் மெதுவா வளரும், ஆனா வருஷம் முழுக்க பச்சை, காத்துக்கும் நிக்கும். 2016 வர்தா புயல்ல குல்மோகர், தூங்குமூஞ்சி எல்லாம் எப்படி சாஞ்சுதுன்னு பாத்தீங்கல்ல, அந்த ரெண்டும் வீட்டு வாசல்ல வேண்டாம். உங்க மண்ணுக்கு என் ஓட்டு அம்மாவுக்குத்தான். சுவத்துலேர்ந்து 10 அடியாவது தள்ளி வைங்க. எந்த மரமா இருந்தாலும் முதல் ரெண்டு கோடை தண்ணி ஊத்தியே ஆகணும், வறட்சி தாங்கும்ங்கறது வேர் ஆழமா இறங்கினப்புறம்தான்.

மதுரை_மல்லி:
அக்காவோ அண்ணனோ தெரியல, புல்லை எடுக்கறப்ப ஒண்ணு கவனிங்க. மேலாக வெட்டி எடுத்தா கோரைக்கிழங்கும் அருகம்புல் வேரும் உள்ள தங்கி, மூடாக்கைக் கிழிச்சுகிட்டு திரும்ப வரும். ஒரு அடி கொத்தி கையால பொறுக்கணும், வேற வழி இல்ல. களைக்கொல்லி வேணாம். மரத்தைச் சுத்தி நித்தியகல்யாணி, ஆவாரம், நந்தியாவட்டை, ஓரமா வெட்டிவேர் வைங்க. அரளியும் தண்ணி கேக்காதுதான், ஆனா செடி முழுக்க விஷம், சின்னப் புள்ளைங்க, நாய் இருந்தா தவிர்த்துடுங்க.

மேடவாக்கம்_வீடு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மகிழம்தான்னு முடிவு பண்ணிட்டோம், அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எப்ப வேலைய ஆரம்பிக்கலாம்? மழைத்தண்ணிய மரத்துக்கே விட்டுடலாமா?

நர்சரிக்காரன்:
ஆடில கொத்தி களை எடுங்க, ஆவணில 3 அடி குழி தோண்டி செம்மண், தொழு உரம், மணல் கலந்து நடுங்க, அப்ப ஐப்பசி மழைக்குள்ள வேர் பிடிச்சிடும். மாடித் தண்ணிய மரத்தடில நேரா விடாதீங்க, தண்ணி நிக்கற மூலைல ஒரு உறைகிணறு இறக்கி அதுல விடுங்க. 2003லேர்ந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம், வீட்ல குழாய் ஏற்கனவே இருக்கும், எங்க போய் முடியுதுன்னு முதல்ல பாருங்க. அது தெரியாம குழி தோண்ட வேணாம் சார்.