புதுப்பிப்பு: ஏரிப் பாதையா, முகட்டுப் பாதையா? இரண்டும் நடந்தாச்சு

விடுமுறையில் நடக்க 14 கிலோமீட்டர் ஏரிப் பாதையா, 9 கிலோமீட்டர் முகட்டுப் பாதையா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஒன்பதுதானே, முகடுதான் சுலபம் என்று நினைத்திருந்தேன். தூரத்தை விடுங்கள், ஏற்றத்தைப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். மிக்க நன்றி.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஏரிக்கு மூன்று மணி நேரம் வந்தது. 1,200 மீட்டர் ஏறும் முகட்டுக்கோ கிட்டத்தட்ட நான்கு, அதுவும் ஓய்வு சேர்க்காமல்!

அதனால் முதல் நாள் ஏரி, கால் பழகிய பின் நான்காம் நாள் முகடு. விடியும் முன்பே கிளம்பினோம். மேலே போனபோது பள்ளத்தாக்கு முழுக்கப் பஞ்சுபோல மேகம், அதற்கு மேலே நாங்கள். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை.

இறக்கம்தான் கடினம். கால்விரல்கள் ஷூ முனையில் இடித்துக்கொண்டே வந்தன. பாதி வழியில் நின்று கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டினேன், அப்புறம் இடிக்கவில்லை. இறங்கத் தொடங்கும் முன்பே கட்டிவிடுங்கள்.