பன்னீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தவள் யார்?

செல்லூர்க்காரி:

மதுரை நாயக்க ராணி மங்கம்மாள் காலத்தை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். நாயகி ராணி இல்லை. ஒரு பாளையக்காரர் வீட்டுப் பெண். மங்கம்மாளின் மருமகள் சின்ன முத்தம்மாளுக்குத் துணையாக அந்தப்புரத்துக்கு வந்தவள்.

1689இல் மங்கம்மாளின் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் அம்மை போட்டு இறந்துபோகிறார். மருமகளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. உடன்கட்டை ஏறுவேன் என்று நின்றவளை, பிள்ளை பிறக்கட்டும் என்று மாமியார் தடுத்து வைத்தார். ஆண் குழந்தை பிறந்தது. அப்புறம் அந்தப் பிள்ளை பெற்றவள் பன்னீரை அளவுக்கு மீறிக் குடித்து உயிரை விட்டாள் என்று சொல்லப்படுகிறது. மூன்று மாதக் குழந்தைக்குப் பட்டம் கட்டி, பாட்டி ஆட்சி நடத்தினார்.

எல்லாரும் மங்கம்மாள் இடது கையால் வெற்றிலை போட்ட கதையைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பாவம் தீரத்தான் சாலையும் சத்திரமும் என்று என் அப்பத்தா காம்பு கிள்ளிக்கொண்டே சொல்லுவார். எனக்கு மனசெல்லாம் அந்தப் பன்னீர்ச் செம்பின் மேல்தான். பிள்ளை பெற்று எழுந்திருக்க முடியாமல் கிடந்தவளுக்கு அதை யாரோ ஒருத்தி கையில் கொடுத்திருக்க வேண்டும். அவள்தான் என் நாயகி.

மூன்றாம் அத்தியாயத்தில் அவள் திருமலை நாயக்கர் மகால் சாளரத்தில் நின்று வைகையைப் பார்க்கிறாள். இது சரியா? அவளும் சின்ன முத்தம்மாளும் தமிழில் பேசியிருப்பார்களா?

தல்லாகுளத்தான்:

சாளரத்தை முதலில் எடுத்துவிடுங்கள் அம்மா. மகால் மீனாட்சி கோயிலுக்குத் தென்கிழக்கே இருக்கிறது, ஆறு வடக்கே. நடுவில் தெருத்தெருவாக ஊர். அதைவிடப் பெரிய சிக்கல், 1689இல் தலைநகரமே மதுரை இல்லை. மங்கம்மாளின் கணவர் சொக்கநாதர் காலத்திலேயே அரசாங்கம் திருச்சிக்குப் போய்விட்டது. மகாலில் பெரும்பகுதியைப் பிரித்துக்கொண்டு போனவரும் அவர்தான். இன்றைக்கு நாம் பார்ப்பது மிச்சம். உங்கள் பன்னீர்ச் செம்பு மலைக்கோட்டை அடிவாரத்து அரண்மனையில்தான் இருந்திருக்கும்.

மதுரையை விட மனசில்லை என்றால் தமுக்கம் இருக்கிறது. இன்று காந்தி மியூசியம் இருக்கிற அதே கட்டடம், மங்கம்மாளின் கோடை அரண்மனை. அது வைகைக்கு வடகரை, அழகர் வருகிற வழி. சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் கூட்டம் நெரிவதை உங்கள் நாயகி அங்கே மேல்மாடத்திலிருந்து பார்க்கலாம். நான் பிறந்ததிலிருந்து அந்தக் கூட்டத்துக்குள் நிற்கிறவன். தோலில் செய்த துருத்தியிலிருந்து தண்ணீர் முகத்தில் பீய்ச்சும்போது வெயில் சட்டென்று இறங்கும். அந்தக் குளிர்ச்சியை எழுதுங்கள்.

அவ்வா பேத்தி:

பாஷைக்கு நான் சொல்கிறேன். நாயக்க வம்சம் தெலுங்கு பேசியது. நாயகி எந்தப் பாளையம் என்று முடிவு செய்தீர்களா? தெலுங்குப் பாளையம் என்றால் இரண்டு பேரும் தெலுங்கில்தான் பேசுவார்கள். மறவர் பாளையம் என்றால் அவளுக்குத் தமிழ்தான், அந்தப்புரத்தில் வாயடைத்துப் போய் நிற்பாள். இரண்டாவது உங்கள் கதைக்கு இன்னும் பலம் என்று எனக்குப் படுகிறது. என்ன கேட்கிறாள் என்று முழுசாகப் புரியாமலே செம்பை எடுத்துக் கொடுத்தவள்!

திருமங்கலம் பக்கம் எங்கள் வீட்டில் இன்றும் தெலுங்குதான். பாட்டியை அவ்வா என்போம், அப்பாவை நைனா என்போம். ஆனால் கோபம் வந்தால் அவ்வாவுக்குத் தமிழ்தான் வரும். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் கிடந்தால் இரண்டு பாஷையும் ஒரே வாயில் கலந்துதான் வரும். அதனால் உரையாடலைத் தமிழிலேயே எழுதுங்கள், கூப்பிடுகிற சொல்லை மட்டும் தெலுங்கில் வையுங்கள்.

அப்புறம் ஒன்று. அந்தச் சமையலறையில் ரசத்துக்குத் தக்காளி போட்டுவிடாதீர்கள், அப்போது இங்கே அந்த வழக்கம் இல்லை. மிளகும் புளியும் போதும். பிள்ளை பெற்றவளுக்கு அதைத்தான் கொடுத்திருப்பார்கள்.

செல்லூர்க்காரி:

இரண்டு பேருக்கும் நன்றி. மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். நாயகி மறவர் பாளையத்துப் பெண் என்று முடிவாகிவிட்டது. அவளுக்குத் தெரிந்த தெலுங்கு, தண்ணீர் கேட்டால் நீளு என்று புரிகிற அளவுக்குத்தான். அந்தக் கடைசி ராத்திரி சின்ன முத்தம்மாள் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்கிறாள், கையைப் பன்னீர்ச் செம்பு இருக்கிற பக்கம் நீட்டுகிறாள்.

சனிக்கிழமை காலையில் மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறுகிறேன். ராணி மங்கம்மாள் மகாலில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்று, குரல் எப்படி எதிரொலிக்கிறது என்று கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.