தொழில்வளர்ச்சி பெற்ற நாடுகளின் காடுகளிலிருந்து வெளியேறும் மீத்தேன் ஏறுகிறதா, இறங்குகிறதா?

கேள்வி: நீலவானம்

வணக்கம். ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையின் முதல் இணைப்பில் இடம்பெற்றுள்ள தொழில்வளர்ச்சி பெற்ற நாடுகள் தங்கள் உமிழ்வுக் கணக்கறிக்கைகளில் 1990 தொடங்கி ஒவ்வோர் ஆண்டுக்குமான தரவுகளைத் தருகின்றன. அவற்றில் வன நிலம் என்ற பிரிவின் கீழ் வரும் மீத்தேனை மட்டும் பிரித்து வரைபடமாக்கிப் பார்த்தேன். எந்த நாட்டிலும் ஒரு சீரான போக்கு தென்படவில்லை. போர்த்துகல்லின் கோடு 2003, 2005, 2017 ஆகிய ஆண்டுகளில் செங்குத்தாக எழுந்து மறு ஆண்டே சரிகிறது. 1990ஐயும் கடைசி ஆண்டையும் மட்டும் ஒப்பிட்டு இத்தனை விழுக்காடு கூடியது அல்லது குறைந்தது என்று சொல்வது முறையாகுமா? இந்த எண்கள் உண்மையில் எதை அளக்கின்றன?

பதில்: வேர்மண்

முறையாகாது. நீங்கள் வரைந்திருப்பது பெரும்பாலும் காட்டுத்தீயின் வரைபடம். வன நிலத்தின் மீத்தேன் கணக்கில் பல நாடுகளில் பெரும்பங்கு வகிப்பது தாவரப் பொருள் எரிவதுதான். எரிந்த பரப்பு, ஒரு ஹெக்டேரில் இருந்த எரிபொருளின் எடை, அதில் உண்மையில் எரிந்த பங்கு, ஒரு கிலோ எரிந்தால் வெளியேறும் வாயு ஆகிய நான்கையும் பெருக்கியே இந்த எண்ணைப் பெறுகிறார்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டுதல்களின்படி, வெப்பமண்டலத்துக்கு வெளியே உள்ள காட்டில் ஒரு கிலோ உலர் பொருள் எரிந்தால் 4.7 கிராம் மீத்தேன் வெளியேறுகிறது. ஒரு ஹெக்டேரில் 30 டன் எரிந்தது என்று வைத்துக்கொண்டால் 141 கிலோ மீத்தேன் வரும். அதே தீயில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடோ ஏறத்தாழ 47 டன். மீத்தேனின் வெப்பமூட்டும் ஆற்றலைக் கார்பன் டை ஆக்சைடினுடையதைப் போல் 28 மடங்கு என்று கொண்டாலும் அது 4 டன்னுக்குச் சற்றுக் குறைவான கார்பன் டை ஆக்சைடுக்குத்தான் நிகராகும். கொழுந்துவிட்டு எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும் தீயில் மீத்தேனின் பங்கு கூடும் என்பதால், ஒரே பரப்பு எரிந்தாலும் விளைவு ஒன்றாக இருப்பதில்லை.

அந்த 28 என்ற எண்ணையும் கவனியுங்கள். பழைய அறிக்கைகள் மீத்தேனுக்கு 21 என்ற மடங்கைப் பயன்படுத்தின. பின்னர் அது 25 ஆகி, இப்போது 28 ஆகியிருக்கிறது. வெவ்வேறு காலத்து அறிக்கைகளிலிருந்து கார்பன் டை ஆக்சைடு நிகர் மதிப்புகளை எடுத்து ஒட்டினால், காட்டில் எதுவுமே மாறாத நிலையிலும் மூன்றில் ஒரு பங்கு உயர்வு தெரியும். ஆகவே மீத்தேனின் எடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் அண்மைய சமர்ப்பிப்பு ஒன்றிலிருந்தே முழுத் தொடராக எடுப்பது நல்லது, ஏனெனில் முறைகள் திருத்தப்படும்போது முந்தைய ஆண்டுகளையும் மீண்டும் கணக்கிடுகிறார்கள். "மதிப்பிடப்படவில்லை" என்ற குறியீடு உள்ள கட்டங்களைப் பூஜ்யமாக எண்ணிவிட வேண்டாம். இல்லாத ஏற்றங்கள் பலவும் அந்தக் கட்டங்களில்தான் பிறக்கின்றன.

பதில்: ஈரநிலம்

தீயைப் பற்றி நண்பர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மண்ணைப் பற்றி நான் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் வடக்கு நாடுகளில் இது சிறிய விஷயமன்று. பின்லாந்தில் மரம் வளர்ப்பதற்காகப் பீட் நிலங்களில் (முழுதும் மட்காத தாவரப் பொருள் படிந்த சதுப்பு நிலங்களில்) பாதிக்கும் மேற்பட்டவற்றில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டார்கள். நீர்மட்டம் இறங்கியதும் நிலப்பரப்பிலிருந்து வரும் மீத்தேன் பெரிதும் குறைகிறது; ஆனால் காற்றுப்பட்ட பீட் மட்கிக் கார்பன் டை ஆக்சைடை வெளியிடத் தொடங்குகிறது, தேங்கிய நீருள்ள வாய்க்கால்களோ தொடர்ந்து மீத்தேனை உமிழ்கின்றன. இந்த வாய்க்கால் உமிழ்வைக் கணக்கிடும் முறையை ஐபிசிசியின் 2013 ஈரநிலத் துணை நூல் தந்தது. அந்த வாய்க்கால்களை அடைத்து நிலத்தை மீட்டெடுக்கும் நாட்டில் மீத்தேன் எண் சில காலம் உயரக்கூடும். நெடுங்காலப் பார்வையில் அது காலநிலைக்கு நன்மை தரும் மாற்றமாகவே இருக்கலாம் என்பதால், ஏறுமுகம் என்றாலே சீரழிவு என்று படித்துவிடக் கூடாது.

இன்னொன்று என்னை உண்மையாகவே கவலைப்படுத்துகிறது. நீர் தேங்காத காட்டு மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள மீத்தேனை உண்டு அழிக்கின்றன. உலக மண் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் மீத்தேனை இவ்வாறு நீக்குகிறது. இந்த உறிஞ்சலுக்கு நாட்டுக் கணக்கறிக்கைகளில் வழக்கமான இடம் இல்லை. அமெரிக்காவின் ஹப்பர்டு புரூக், பால்டிமோர் காடுகளில் இந்த உறிஞ்சல் கடுமையாகக் குறைந்திருப்பதாக 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. மழை கூடி மண் ஈரமானால் காற்று உள்ளே புகுவது தடைபடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். மாறாக, தென்மேற்கு ஜெர்மனியின் காடுகளில் நீண்டகாலம் அளந்தவர்கள், வெப்பமும் வறட்சியும் மிகுந்த சூழலில் உறிஞ்சல் கூடியதைக் கண்டார்கள். இவை இரண்டும் உங்கள் வரைபடத்தில் தெரியப்போவதில்லை.

நீலவானம்

இருவருக்கும் நன்றி. எடைக்கு மாற்றியதும் நான் கண்ட உயர்வுகளில் சில மறைந்துவிட்டன. கனடாவைப் பற்றி ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. 2023இல் அங்கே சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது. ஆனால் அந்த நாடு தன் இலக்குகளுக்காகக் காட்டும் வன எண்களில் அத்தகைய பாய்ச்சலுக்கு இடமே இல்லாததுபோல் தோன்றுகிறதே?

பதில்: வேர்மண்

கனடா தன் காடுகளை மேலாண்மைக்கு உட்பட்டவை, உட்படாதவை என்று பிரிக்கிறது. உட்படாத காட்டில் எரிந்தது கணக்கறிக்கைக்குள் வராது. உட்பட்ட காட்டிலும், கடுமையான காட்டுத்தீ போன்ற இயற்கைச் சீர்குலைவுகளின் உமிழ்வை மனிதச் செயல்களின் உமிழ்விலிருந்து பிரித்துத் தனியே அறிவிக்கிறார்கள். இதற்குக் காரணம் சொல்ல முடியும், ஏனெனில் எந்த வனத்துறையாலும் கட்டுப்படுத்த முடியாத தீ, கொள்கையின் பலனை மூடி மறைத்துவிடும். ஆயினும் வளிமண்டலத்துக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. எனவே கனடாவுக்கு இரண்டு கோடுகள் வரையுங்கள், ஒன்று மனிதச் செயல்களுக்கு, மற்றொன்று இயற்கைச் சீர்குலைவையும் சேர்த்து. இரண்டையும் ஒற்றை ஆண்டாக ஒப்பிடாமல் பத்தாண்டுச் சராசரியாக வைத்துப் பாருங்கள். போர்த்துகல்லுக்கும் அதே சராசரி முறையைப் பயன்படுத்தினால்தான் நாடுகளுக்கிடையே ஒப்பிட முடியும்.